காலை 7 மணி, மந்தைவெளி

சென்ற வாரம் ஒருநாள் காலை 7.15-க்கே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக அது கார் நிறுத்துவதில் தொடங்கி தண்ணீர் லாரியில் முடியும். அன்று விஷயம் வேறு. எங்கள் மாடிப்படிகளைப் பெருக்கித் துடைத்து, 4 வீடுகளில் பாத்திரமும் தேய்க்கும் அம்மா 7 மணிக்கு வரவேண்டியவர், இன்னும் வரவில்லை. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. 8 மணிக்குத்தான் வந்தார். அதற்குள் குழுவில் 40 செய்திகள். "தாமதமான நாளுக்கு 50 ரூபாய் பிடித்தால் தானாக நேரத்துக்கு வருவார்" என்றார் ஒருவர். "ஆப்பில் புக் செய்தால் பத்தே நிமிடத்தில் ஆள் வருகிறது" என்றார் இன்னொருவர். கடைசியாக எங்களில் மூத்தவர் ஒரு வரி போட்டார்: "முன்னெல்லாம் இப்படி இல்லை."

இந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. முன்னெல்லாம் இப்படி இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஏன் இப்படி ஆனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். தாமதமாக வந்த பிள்ளைகளைக் காரணம் கேட்காமலே வாசலில் நிறுத்தியவனும்கூட. அந்தக் கடனையும் சேர்த்து இப்போது தீர்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சார், சின்னதா எழுதுங்க" என்று பழைய மாணவர்கள் சொல்வது காதில் விழுகிறது. இது சின்னதாக இருக்காது. ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

எங்கள் பேட்டையின் பெயரே ஒரு பாடம். மந்தை மேய்ந்த வெளி, மந்தைவெளி. பக்கத்தில் மயிலாப்பூர் பழம்பெரும் ஊர். சென்னைக் கோட்டைக்கு 1639-ல் இடம் வாங்கப்படுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இருந்தது. கோயில், குளம், மாட வீதி எல்லாம் அங்கே. மாடும் வயலும் தோப்பும் இங்கே. நான் 1954-ல் பிறந்தவன். என் சிறுவயதிலும் பால்காரர் வீட்டு வாசலிலேயே மாட்டைக் கட்டிக் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். கறக்கும்போது பாத்திரத்தில் தண்ணீர் இல்லை என்று கவிழ்த்துக் காட்டச் சொல்லி என் பாட்டி தினமும் சண்டை போடுவாள். அவரும் தினமும் கவிழ்த்துக் காட்டுவார். இரண்டு பேருக்கும் அது ஒரு நமஸ்காரம் மாதிரி.

மந்தைவெளிக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். இப்போதைய பிள்ளைகளுக்கு அது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய ஒரு சாக்கடை. ஆனால் அதன் கதையைக் கேட்டால் மூக்கைப் பிடித்த கை கீழே இறங்கும். சென்னைக்கு வடக்கே 1806-ல் ஒரு தனியார் கால்வாயாக அது தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரத்துப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78-ல் வெட்டப்பட்டது. அந்த வருடங்களைக் கவனியுங்கள். தாது வருடப் பஞ்ச காலம். பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்களை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்ட வைத்து அதைத் தோண்டினார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்குப் போயிற்று. பிறகு பல பத்தாண்டுகள் உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்தன. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று ஒன்று உண்டே, கால்வாய் மறந்துபோனாலும் பெயர் அதை மறக்கவில்லை.

படகுத் தொழில் இருந்த இடத்தில் படகில் சுமை தூக்கியவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். தொழில் போன பிறகும் குடிசை இருந்தது. ஏனென்றால் இந்தப் பக்கம் வீடுகள் பெருகின. வீடு பெருகினால் துணி துவைக்க, தோட்டம் கொத்த, செங்கல் சுமக்க, குழந்தை பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் ஐந்து நிமிட நடையில் இருந்தார்கள். மயிலாப்பூர் மேல்தட்டு வாழ்க்கை நேரத்துக்கு நடந்த ரகசியம் இதுதான். நம் கடிகாரத்தின் பெருமை இல்லை.

இனி என் வீட்டுக் கதை. இதில் நான் நல்லவனாகத் தெரிய மாட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

என் தாத்தா மந்தைவெளியில் 3 கிரவுண்டு மனையில் ஒரு வீடு கட்டினார். முன்பக்கம் நாங்கள். பின்கட்டில் கிணற்றைச் சுற்றி 5 ஒண்டுக் குடித்தனங்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் கழிப்பறை. ஒரு தையற்காரர், ஒரு அச்சகத் தொழிலாளி, ஒரு தபால்காரர், கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிக்கும் ஒருவர், பிள்ளை இல்லாத ஒரு வயதான தம்பதி. கிணற்றடியில் வாளிச் சண்டை நடக்காத நாளில்லை. கழிப்பறை வரிசையில் நின்று என் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமான நாட்களும் உண்டு. அந்தக் காலத்தைப் பொன்னுலகம் என்று நான் எழுதினால் என் அம்மா மேலிருந்து சிரிப்பாள். ஆனால் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியும். மிருதங்கக்காரர் கச்சேரிக்குப் போனால் அவர் பிள்ளைகள் எங்கள் கூடத்தில் படுத்துத் தூங்கும்.

இப்படி வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் சட்டம் ஒரு குடையைப் பிடித்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னையில் மனைகளின் விலையும் வாடகையும் ஏறியபோது, பிறர் நிலத்தில் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்களைக் காக்க 1921-ல் நகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமான தரைவாடகை கொடுக்கும்வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியவர்கள் என்று அந்தச் சட்டமே அவர்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரு சட்டத்தின் முகப்பில் 'நம்பிக்கை' என்ற சொல் வருவது எனக்கு எப்போதும் பிடிக்கும். மயிலாப்பூரில் கோயில் மனைகளில் இப்படி வீடு கட்டியிருந்தவர்கள் ஏராளம். 1996-ல் ஒரு திருத்தம் வந்து, சமய நிறுவனங்களின் நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் குடை மடக்கப்பட்டது. கோயில் சொத்து கோயிலுக்கு என்பது ஒரு நியாயம். மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவன் எங்கே போவான் என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

வீட்டு வாடகைக்கு வேறு சட்டம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. என் தாத்தா வீட்டுப் பின்கட்டில் அந்த ஆண்டு ஒரு குடித்தனமும் இல்லையாம். போர் முடிந்து எல்லோரும் திரும்பியபோது வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் காலத்து வாடகைக் கட்டுப்பாடுகள்தான் பிறகு 1960-ம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தன. நியாய வாடகை என்று ஒன்றை நிர்ணயிக்கலாம். காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லமுடியாது. அதில் ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று உரிமையாளர் சொன்னால், அது ஒரு செல்லுபடியாகும் காரணம். சென்னையின் பழைய பேட்டைகள் மாறியது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

நாங்களும் அந்த வாசல் வழியாகத்தான் போனோம். 1987-ல் ஒரு புரமோட்டர் வந்தார். பணம் போடவேண்டாம், மனையைக் கொடுங்கள், 12 ஃபிளாட் கட்டி 5 உங்களுக்கு, 7 எனக்கு என்றார். கணக்கு எளிது. 3 கிரவுண்டு என்றால் 7,200 சதுர அடி. மனையைப் போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பது அன்றைய விதி. 10,800 சதுர அடி, ஃபிளாட் ஒன்றுக்கு 900. அப்பாவுக்கு 4 பிள்ளைகள், தங்கையின் கல்யாணக் கடன் வேறு. ஓட்டு வீடு ஒழுகியது. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தாத்தா காலத்தில் 3 படி ஏறிப் போன வீட்டுக்கு, அப்பா காலத்தில் ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருந்தது. மழை வந்தால் தெருத் தண்ணீர் கூடத்தில். கொடுக்காமல் என்ன செய்வது? இன்று நினைத்தாலும் அந்த முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் பின்கட்டுக் குடித்தனங்களிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். "நீதான் வாத்தியாராச்சே, பக்குவமா சொல்லு." சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தோம். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். தையற்காரர் மட்டும் வாங்கவில்லை. "வாடகைக்கு இருந்தவனுக்கு எதுக்கு சார் காசு? நீங்க குடுத்தா நான் ஏதோ வித்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார். தாம்பரத்துக்கு அப்பால் எங்கோ போனார். அவர் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் 1978-ல் முதல்நாள் வேலையில் சேர்ந்தேன். அவர் எங்கே போனார் என்று நான் தேடிப் போகவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1964-ல் லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இந்த மாதிரி மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார்: ஜென்ட்ரிஃபிகேஷன். தொழிலாளிகள் இருந்த பேட்டைகளில் வசதியானவர்கள் நுழைய நுழைய, பழைய வீடுகள் பளபளக்கின்றன, பழைய ஜனங்கள் காணாமல் போகிறார்கள் என்பது அவர் பார்த்தது. தமிழில் இதற்கு மேட்டுக்குடியாக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் எங்கள் பேட்டைக்குப் பொருந்துகிறதா என்று சந்தேகம். மந்தைவெளிக்கு எந்த மேட்டுக்குடியும் வெளியிலிருந்து படையெடுக்கவில்லை. முன்கட்டில் இருந்த நாங்களேதான் மாடிக்குப் போனோம். பின்கட்டு காணாமல் போயிற்று. வந்தேறி என்று யாரையும் கைகாட்ட வழியில்லாத கதை இது.

இப்போது கால்வாய்க் கரைக்கு வருவோம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, 1971-ல் அதற்கான சட்டம். ஆரம்ப காலத்துக் கொள்கையில் ஒரு பெரிய நல்லறிவு இருந்தது: குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது பக்கத்திலேயே, அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அப்படித்தான் கட்டினார்கள். வீடுகள் சின்னவை, சீக்கிரமே சிமெண்ட் பெயர்ந்தன. ஆனால் மீன்பிடிக்கிறவர் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், வீட்டு வேலைக்குப் போகிறவர் நடந்து போனார். பிறகு நகரத்து நிலம் தங்கமாயிற்று. 2000 வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் என்று, ஏழைகளின் விலாசம் தெற்கே தெற்கே நகர்ந்தது. 2021-ல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

எங்கள் படிக்கட்டு பெருக்கும் அம்மாவின் வாழ்க்கையை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அவருடைய அம்மாவும் எங்கள் பழைய வீட்டில் வேலை செய்தவர்தான். கால்வாய்க் கரையில் குடிசை. எங்கள் கிணற்றடிக்கு 6 நிமிட நடை. காலையில் என் அம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும்போது அவர் வந்து நிற்பார். பிறகு பறக்கும் ரயில் வந்தது. 1997-ல் திருமயிலை வரை ஓடத் தொடங்கி, 2004-ல் மந்தைவெளியைத் தாண்டித் திருவான்மியூர் வரை போயிற்று. பாலத்தின் தூண்களில் பல கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தூண் ஊன்றும் வேலைக்காகக் கரையில் இருந்தவர்களை எழுப்பினார்கள். ரயில் வந்ததில் எனக்கும் சந்தோஷம். கடற்கரை வரை உட்கார்ந்துகொண்டு போகலாமே. எங்கள் வேலைக்கார அம்மாவின் வீடு அந்தத் தூணுக்கு அடியில் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மகள் கல்யாணமாகி அடையாற்றங்கரைக்குப் போனார். நடை 20 நிமிடமாயிற்று. அப்போதும் 7 மணிக்கு வந்துவிடுவார். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கும் அங்கே வீடு. சொந்தமாகக் குளியலறை உள்ள வீடு, மழைக்குப் பயமில்லை, அதை அவர் குறைசொல்வதில்லை. குறை ஒன்றே ஒன்று. மந்தைவெளிக்கும் அதற்கும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

நான் ஒருநாள் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். 4 மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு 5 மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொல்லிக் கேட்கவேண்டும். அந்த பஸ்ஸுக்காக, காசு கேட்கும் பஸ்களை விட்டுவிட்டு நிற்பார். வழியில் ஒரு இடத்தில் மாறவேண்டும், அங்கேயும் அதே காத்திருப்பு. இந்தப் பக்கம் மெட்ரோ சுரங்க வேலைக்காகச் சாலைகள் திருப்பிவிடப்பட்டிருப்பதால், வந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு சுற்று. "அந்தக் கட்டண பஸ்ல வந்தா 7 மணிக்கு வந்துடலாம் சார். ஆனா போக வர அந்தக் காசைக் கூட்டிப் பாருங்க, ஒரு வீட்டு சம்பளம் பஸ்ஸுக்கே போயிடும்." அதாவது, 50 ரூபாய் பிடித்தால் நேரத்துக்கு வருவார் என்கிறோமே, அவர் நேரத்துக்கு வருவதற்கே அவர் கையிலிருந்து காசு போகவேண்டும். இந்த ஊரிலேயே ஒரு அறை பார்க்கக்கூடாதா என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் எங்கள் 5 ஃபிளாட்டுகளில் இருந்தது. அந்த இடத்தில் முன்பு 5 குடித்தனங்கள் இருந்தன.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022 மே மாதம் எங்களுக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவின்படி கால்வாய்க்கரை வீடுகளை இடித்தபோது, ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அதன்பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர், அந்தக் குடும்பங்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று அறிவித்தார். பக்கத்திலேயே இடம் கொடுக்கமுடியும் என்பதை ஒப்புக்கொள்ள ஒரு உயிர் போகவேண்டியிருந்தது. இடிக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கவில்லை. குழுவில் அன்றைய விவாதம், டிராஃபிக் திருப்பிவிட்டிருக்கிறார்களே, பள்ளி வேன் எந்த வழியாக வரும் என்பது.

மற்ற எரிச்சல்களையும் சொல்லாவிட்டால் முழுக்கதை ஆகாது. தண்ணீர்: பழைய வீட்டில் ஒரே கிணறு, 6 குடும்பம். இப்போது அதே மனையில் 12 குடும்பம், 2 ஆழ்துளைக் கிணறு, அதிலும் உப்புத் தண்ணீர். 2003-ல் எல்லோரும் மழைநீர்த் தொட்டி கட்டியே ஆகவேண்டும் என்றார்கள். நாங்களும் கட்டினோம், சில வருடம் தூர்வாரினோம், பிறகு அதன் மேல் ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்துகிறார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்காரரின் கைப்பேசி எண்ணைப் பேரன் பேத்திகள் எண்ணைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கோலம்: தெருவில் அன்று 30 வாசல், 30 கோலம். மார்கழியில் எது பெரியது என்று சிறுமிகளுக்குள் போட்டி. இன்று 12 வீட்டுக்கு ஒரே கேட். அதன் முன்னால் காவலாளியின் மனைவி ஒரு கோலம் போடுகிறார், அதன்மேல் 8 கார் ஏறிப் போகிறது. அவர் பீகார்க்காரர். புள்ளிக்கோலம் இங்கே வந்து கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து என் பேத்தி கற்றுக்கொள்கிறாள். வரலாறு சில சமயம் இப்படியும் வளைந்து வரும். வாத்தியார்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அயர்ன் வண்டி: எங்கள் மதில் ஓரம் பூவரச மரத்தடியில் 22 வருடமாக நிற்கிறது. கரிப் பெட்டியிலிருந்து காஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். எந்த வீட்டுச் சாவி யாரிடம் கொடுக்கப்பட்டது, எந்தத் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கொரியர்காரர் எந்த வீட்டைத் தேடுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். கொரோனா ஊரடங்கில் என் மனைவிக்கு மூச்சுத் திணறியபோது, கீழே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தவர் அவர்தான். பக்கத்து ஃபிளாட்காரர் நல்ல மனிதர். ஆனால் கதவு சாத்தியிருந்தது, அவருக்குத் தெரியாது.

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மட்டும் பழைய மயிலாப்பூர் திரும்பி வரும். மாட வீதிகளில் பானகமும் நீர்மோரும் கொடுக்கும் பந்தல்களுக்கு நடுவே, ஊரைவிட்டுப் போன முகங்கள் எல்லாம் தென்படும். தாம்பரத்திலிருந்து, பூந்தமல்லியிலிருந்து, பெரும்பாக்கத்திலிருந்து. எங்கள் பின்கட்டு மிருதங்கக்காரரின் மகனை நான் பார்த்தது அங்கேதான். அவர் என்னைக் கண்டுகொண்டு, "சார், நம்ம வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நம்ம வீடு. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இப்போது அந்த நன்றாக இருக்கும் வீட்டுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் கட்டடத்துக்கு 37 வயது. கூரைக் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் விழுகிறது. லிஃப்ட் இல்லை. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இப்போது மனையைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். 7,200 இரண்டு மடங்கு 14,400. எங்களுக்கு எங்கள் 10,800 போக 3,600 சதுர அடி மிச்சம். கட்டணம் கட்டினால் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அந்த மிச்சத்துக்காகத்தான் பில்டர்கள் வாரம் ஒருவராக வருகிறார்கள். முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் இடிப்பது கஷ்டம். 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமையாளர் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். 12-க்கு 8. இதுவரை 7 கையெழுத்து ஆகியிருக்கிறது. எட்டாவது என்னுடையது.

என் முழங்கால் இரண்டும் கையெழுத்துப் போடச் சொல்கின்றன. இரண்டாம் மாடிக்கு நான் ஏறும் வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மனைவி கீழே இறங்கி 5 மாதம் ஆகிறது. மொட்டை மாடியிலிருந்து விழுந்த காரை ஒரு குழந்தையின் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் இளம் தம்பதியிடம் எனக்குப் பதில் இல்லை. லிஃப்டை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். பூவரச மரம் இருந்த இடத்தில் மின்மாற்றி. அயர்ன் வண்டி நின்ற இடத்தில் விருந்தினர் கார். காவலாளிக்குக் கேட் பக்கத்தில் நாற்காலி போடும் அளவுக்கு ஒரு கூண்டு, குடும்பத்தோடு இருக்க அறை இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கேயும் இல்லை. 20 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து 4 வீடு தேய்க்கும் பெண்மணி எங்கே போவார் என்று பில்டரின் ஆளிடம் கேட்டேன். "அதெல்லாம் அவங்க அவங்க வீட்ல பாத்துப்பாங்க சார்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. 1987-ல் நானும் இதே தொனியில்தான் பேசினேன்.

அதனால் நேற்றிரவு குழுவில் நான்கு விஷயம் போட்டேன். தரைத்தளத்தில் ஒரு பொதுக் கழிப்பறை. காவலாளிக்கு ஜன்னல் வைத்த ஒரு அறை. மதில் ஓரம் ஆறுக்கு நான்கு அடி இடம், கூரையோடு, அயர்ன் வண்டிக்கு. மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும், வாய்ச்சொல் போதாது. நான்காவது உடனே செய்யக்கூடியது: படிக்கட்டு பெருக்கும் நேரத்தை 7 மணியிலிருந்து 8.30-க்கு மாற்றுவது, சம்பளத்தில் கைவைக்காமல்.

இதுவரை இரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். ஒருவர், "சார் இதனால் நம் கார் பார்க்கிங் ஒன்று குறையும்" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது; குறையும். எங்களிடம் கார் இல்லை, எங்களுக்கு வரும் பார்க்கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு என் மகன் சிங்கப்பூரிலிருந்து எப்படியும் போன் செய்வான்.

கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, மொட்டை மாடியில். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1987 வரை மந்தைவெளியில் தையல் வேலை செய்து, பிறகு அந்தப் பக்கம் வந்து குடியேறிய ஒருவரையோ, அவர் பிள்ளைகளையோ யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.